அமைச்சருக்கொரு மன்றம், அஞ்சலைக்கொரு மன்றமா?

மானம் உயிரினும் பெரிது என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முழங்கட்டும், தோழர்களே! ஆனால், எவர் மானம்? கோட்டையிலே கொலுவிருப்போர் மானமா, கொசத்தலையாற்றங்கரையிலே வலை உலர்த்துவோர் மானமா? இந்த வேறுபாட்டைச் சட்டமே செய்துவைத்திருக்கிறது!

அஞ்சலை என்றொரு மீனவப் பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சி ஒன்று அவள் முகத்தைக் காட்டி, "கள்ளச்சாராயக்காரி" என்று பொய்யுரைத்துவிடுகிறது. அவள் கைக்காசைச் செலவிட்டு வக்கீலைப் பிடித்து, மாஜிஸ்திரேட் மன்றத்தின் படிக்கட்டைத் தேய்க்கவேண்டும். அதே தொலைக்காட்சி அமைச்சர் ஒருவரின் அலுவல்பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டாலோ, அரசு அனுமதி வழங்கும். அரசு வழக்கறிஞர் புகார் கொடுப்பார். வழக்கு நேரே செசன்சு நீதிமன்றம் ஏறும். செலவு, அஞ்சலையும் சேர்ந்து கட்டிய வரிப்பணம்! குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) என்பது இதன் பழைய பெயர். குலத்துக்கொரு நீதி சொன்ன மனுவை ஏசுகிறோம். பதவிக்கொரு நீதி சொல்லும் இப்பிரிவை மட்டும் ஏன் மடியில் கிடத்தித் தாலாட்டுகிறோம்?

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2011 முதல் 2016 வரை ஜெயலலிதா ஆட்சியில் இருநூறுக்கு மேற்பட்ட அவதூறு வழக்குகள் தொடரப்பட்டன. எதிர்க்கட்சியினர், ஏடுகள், தொலைக்காட்சிகள், எவரும் தப்பவில்லை. 2020 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், ஏட்டாசிரியர்கள்மீது அரசு தொடுத்திருந்த வழக்குகளை நீக்கினார். அரசு வழக்கறிஞர், வந்ததை அப்படியே அனுப்பிவைக்கும் அஞ்சல் நிலையமாக இருக்கலாகாது என்றும் இடித்துரைத்தார். 2021 ஜூலையில் மு.க. ஸ்டாலின் அரசு, ஏடுகள்மீதும் தொலைக்காட்சிகள்மீதும் இருந்த 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. நல்லதே! ஆயினும் அது ஆட்சியின் அருள், உரிமை அன்று. வாள் உறைக்குள் சென்றதேயன்றி ஒடிக்கப்படவில்லை. நாளை எவர் கைக்குப் போகும்? நம்மவர் கையிலிருந்தால் வாள் வெட்டாதா?

மற்றொரு விந்தை கேளுங்கள். நட்டஈடு கோரும் உரிமையியல் வழக்கிலே, சொன்னது மெய்யென்று காட்டினால் போதும், வழக்கு வீழும். குற்ற வழக்கிலே மெய் மட்டும் போதாதாம்! அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்டவேண்டும். காட்டும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்திலே அம்மோனியா கசிந்தது. மக்கள் வீதிக்கு ஓடிவந்தனர். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று காமிராவின் முன் கதறும் தாய், பொதுநன்மைக்கு நற்சான்றிதழ் வாங்கி வந்தா வாய் திறப்பாள்? (எங்கள் மணலி புதுநகர்ப் பள்ளிப் பிள்ளைகள், காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்பதை நாற்றத்தைக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.)

அப்படியானால் தொலைக்காட்சிகள் தூயவையோ? யார் சொன்னது! 2008 செப்டம்பர் 10 அன்று டைம்ஸ் நவ், வைப்புநிதி மோசடிச் செய்தியிலே ஒரு நீதிபதியின் படத்துக்குப் பதில், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைச் சில நொடிகள் காட்டிவிட்டது. 2011இல் புனே நீதிமன்றம் விதித்த நட்டஈடு 100 கோடி ரூபாய்! சில நொடிக்கு நூறு கோடி நீதிபதிக்கு. அஞ்சலைக்கு நூறு ரூபாயேனும் தேறுமா? பொய் ஒளிபரப்பான அதே நேரத்தில், அதே அளவில், மறுப்பும் ஒளிபரப்பாகட்டும். ஏழைக்கு எட்டும் செலவில், விரைந்து நட்டஈடு கிடைக்கட்டும். சிறைக்கதவு எதற்கு? கூண்டில் நிற்பவனைச் சிறைக்கு அனுப்புவதால் அவள் மானம் கடுகளவும் மீளாது.

மெக்காலே வரைந்து 1860இல் சட்டமான பிரிவு இது. இலங்கை 2002இலேயே குற்ற அவதூறை நீக்கிற்று. பெற்ற தாயகமாம் பிரிட்டனும் 2009இல் அதற்கு விடைகொடுத்தது. இங்கோ 2016 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2024 ஜூலை 1 முதல் புதுச்சட்டம் வந்தது. 499ம் 500ம் போய் 356 என எண் மாறிற்று. சமுதாயத் தொண்டு என்றொரு தண்டனையும் சேர்ந்தது. ஈராண்டுச் சிறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது!