மூடி மாறினாலும் சோதனை வேண்டும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலைகளும் எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையும் உள்ளன. இத்தகைய இடங்களிலிருந்து கதிரியக்கம் மிகுந்த பொருளை ஏற்றிச்செல்லும் ‘பி’ வகைக் கலன்களுக்கான சோதனை கடுமையானது. 9 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத தளத்தில் போடுவார்கள். 1 மீட்டரிலிருந்து, நட்டுவைத்த 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டின் மீதும் போடுவார்கள். அடிபட்ட அதே கலனை 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைப்பார்கள்.

வடிவமைப்பு மாறினால்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் குறிப்பிட்ட வடிவமைப்புக்கு மட்டுமே. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுக் கலனைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கணக்கீடு, சிறு மாதிரி, பழைய சோதனை முடிவு ஆகியவற்றாலும் நிரூபிக்கலாம் என்கிறது சர்வதேச விதி. அது நியாயமே. ஆனாலும் மூடியின் போல்ட், ரப்பர் வளையம், அதிர்வுதாங்கி ஆகியவற்றில் கை வைத்தால் காகிதக் கணக்கு போதாது. விழுந்த வேகத்தில் போல்ட் நீண்டு மூடி இம்மி விலகினாலும், அடுத்து வரும் தீயில் வளையம் கருகிக் கசிவுக்கு வழிவிடும். இவற்றை மாற்றினால் நேரடிச் சோதனை கட்டாயம் என வாரியம் அறிவிக்க வேண்டும். விலக்கு அளித்தால், பாதுகாப்பு ரகசியம் கெடாதபடி காரணத்தை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.