தனி டம்ளரின் நுண்ணுயிரியல்

மடி, தீட்டு, விழுப்பு எல்லாம் நம் முன்னோரின் கிருமி அறிவியல் என்று சென்ற இதழில் எழுதியிருக்கும் கட்டுரையாளர், வாசகர்களுக்கு நுண்ணுயிரியலும் தெரியாது, மடியும் தெரியாது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறார். நுண்ணுயிரியல் போகட்டும், பள்ளிப் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். மடியைப் பற்றித் துணிந்து கதைவிட இன்னும் கொஞ்ச காலம் அவர் பொறுத்திருக்க வேண்டும். கொடியில் மூங்கில் கழியால் புடவை உலர்த்தும் பாட்டிகள் சில வீடுகளில் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்கள்.

அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பருத்திப் புடவை என்றால் துவைத்து, யார் கையும் படாமல் உலர்ந்திருக்க வேண்டும். குளித்துவிட்டு வந்த பேரனே ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் போச்சு, விழுப்பு. பட்டுக்கோ இந்தத் தொல்லை இல்லை. போன திவசத்தின் வியர்வையும் ஹோமப் புகையும் மடிப்புக்குள்ளேயே உறங்க, துவைக்காமல் எடுத்துக் கட்டினாலும் அது மடிதான். பருத்தியில் குடியேறும் பாக்டீரியா பட்டைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது என்று எந்த ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள்? 'பத்து' விவகாரம் இன்னும் விசேஷம். பச்சைப் பண்டத்தைத் தொட்ட கையால் சமைத்ததைத் தொடாதே என்கிறது இன்றைய உணவுச் சுகாதாரம். வெந்த சோற்றைத் தொட்ட கையைக் கழுவாமல் நெய்யையோ ஊறுகாயையோ தொடாதே என்கிறது பத்து. ஊறுகாய்க்கு ஈரம் ஆகாது என்ற அடுக்களை அனுபவம் அதற்குள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அனுபவத்தை அறிவியல் என்று பெயர் மாற்றி, அதன் முதுகில் தீட்டையும் ஏற்றிக் கரை சேர்ப்பதுதான் கட்டுரையாளரின் கைவரிசை.

கிருமியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தோமாம். நல்லது. 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை ஒரு குளத்தில் கண்டுபிடித்தாரே, அந்தக் குளக்கரையில் அந்த ஆயிரமாண்டு அறிவு என்ன செய்துகொண்டிருந்தது? காலராவில் இறந்தவரின் துணியை அலசிய தண்ணீரில்தான் சுற்றியிருந்தவர்கள் குளித்தார்கள், அதையேதான் குடித்தார்கள். யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்று நாடு முழுக்க நுணுக்கி நுணுக்கிச் சட்டம் வகுத்த ஆசாரத்துக்கு, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்ற ஒற்றை விதி தோன்றவில்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை, அதன் கவனம் தண்ணீரின் மேல் இருந்ததே கிடையாது.

அடுத்தது கொரோனா. 'உலகமே நம் மடிக்குத் திரும்பியது' என்று புளகாங்கிதம் அடைகிறார். தொற்று கண்டவர் சில நாள் தனித்திருந்தார், பிறகு வெளியே வந்தார். கணவனுக்கு மனைவியும் அப்பாவுக்கு மகனும் எட்டித்தான் நின்றார்கள். பிறப்பில் தொற்றிச் சுடுகாடு வரைக்கும் விடாத தீட்டுக்கு இதில் என்ன உறவு? உறவைக் காட்டியே தீர வேண்டுமென்றால் நான் காட்டுகிறேன். அந்த வைரஸ் இந்தியாவுக்குள் பாஸ்போர்ட்டோடு விமானத்தில் வந்தது. விமானத்தில் வந்தவர்களுக்குப் படிவமும் கையில் முத்திரையும் கிடைத்தன. 2020 மார்ச்சில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைத்தான் பரேலியில் சாலையில் குத்தவைத்து, குழந்தைகளோடு சேர்த்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். அடுத்த மாதம் சென்னையில், கோவிட்டில் இறந்த மருத்துவரைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸின் மேல் கல்லெறிந்தார்கள். மடிக்குத் திரும்பிய உலகம் என்று இவற்றைச் சொல்கிறாரா? அப்படியென்றால் நமக்குள் சண்டையே இல்லை.

பேரனை மண்ணில் விளையாட விடுவதில்லை, வீட்டில் சாதாரண சோப்பே கிடையாது, கிருமி கொல்லும் சோப்புதான் என்ற கட்டுரையாளரின் பெருமைக்கு அதிக இடம் ஒதுக்க மனமில்லை. ட்ரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருட்கள் கலந்த கிருமிநாசினிச் சோப்புகளை 2016-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடை செய்தது. வெறும் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. பேரன் பாவம்.

இனி, கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். வேலைக்கார அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பது பாகுபாடு அல்ல, சுகாதாரம். அந்த அம்மா 'பல வீடுகளுக்குப் போய் வருபவர்' என்கிறார். முன்னே சொன்ன மடி, கோவிட், சோப்பு எல்லாம் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த ஒரு எவர்சில்வர் டம்ளரை நியாயப்படுத்தப் போட்ட பந்தல். சரி, கணக்குப் பார்ப்போம். கட்டுரையாளர் வீட்டுத் தட்டு, கரண்டி, அவர் வாய் வைத்துக் குடிக்கும் டம்ளர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவது யார்? அதே அம்மா, அதே கை. அந்த அம்மாவின் வாயிலிருந்து கிருமி வரும் என்றால், கட்டுரையாளரின் எச்சிலை அவர் தினமும் வழித்துக் கழுவும்போது அது எந்தத் திசையில் போகிறது? அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்ததாகக் கட்டுரையில் ஒரு வரி உண்டா?

பல இடங்களுக்குப் போய் வருபவர்களைப் பற்றி மருத்துவ வரலாறு வேறு கதை சொல்கிறது. 1847-ல் வியன்னா மருத்துவமனையின் பிரசவ வார்டுகளில் மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவாகவும், மருத்துவர்கள் பார்த்த வார்டில் கொத்துக் கொத்தாகவும் தாய்மார்கள் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்கள் படித்த பெருமக்கள்தான் என்று கண்டு, குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார் அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ். சொன்னதற்காகப் பெருமக்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அழுக்கு தங்கள் கையிலும் இருக்கலாம் என்பதைக் கௌரவம் ஒப்புக்கொள்வதில்லை, அன்றும் சரி, இன்றும் சரி.

இதை ஏன் நினைவூட்டுகிறேன் என்றால், தன் வாதத்துக்குச் சாட்சியாகக் கட்டுரையாளர் ஒரு டாக்டர் நண்பரைக் கூட்டி வருகிறார். அவர் ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸை முடித்துவிட்டு நேரே இவர் வீட்டுக்கு வந்தாராம், 'காப்பி அருந்தியபடியே' எல்லாவற்றையும் ஆமோதித்தாராம். நாள் முழுக்க நோயாளிகளின் இருமலுக்கு நடுவே நின்றுவிட்டு வந்த மனிதர். அவருக்கு எந்த டம்ளரில் காப்பி கொடுத்தீர்கள், ஐயா?