ஒன்றாம் வகுப்புக்கும் ஒரு பாட்டு வாத்தியார் வேண்டும்

தஞ்சாவூர் டெல்டாவில் மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலும்தான். ஆனாலும் எங்கள் ஒன்றியத்தில் எந்தத் தொடக்கப்பள்ளிக்குப் போய், “ஒரு படம் வரைங்க” என்று சொன்னாலும், பிள்ளைகள் இரண்டு மலை போட்டு, நடுவில் சூரியனை வைத்து, அடியில் ஓர் ஆற்றை ஓடவிட்டு, ஓரமாக ஒரு வீடும் தென்னை மரமும் வரைந்து நீட்டுவார்கள். மூன்றாம் வகுப்பிலும் அதே படம், ஐந்தாம் வகுப்பிலும் அதே படம். அக்கா வரைந்ததைத் தங்கை வரைகிறாள், அவ்வளவுதான். குறுவை நடவையும் மடை திறப்பதையும் பார்த்தபடியே பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் இவர்கள். கண்ணால் பார்த்ததை வரையலாம் என்று சொல்லித்தர அவர்களுக்கு ஆளில்லை.

என் பணிக்காலம் முழுவதும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில்தான் கழிந்தது. ஓய்வு பெற்றபோது தலைமையாசிரியை. நான் இருந்தவை பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் முதல் மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்க்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம் அவர்களே. நடுநடுவே எமிஸ் இணையதளப் பதிவு, உணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிடும் கூட்டம். இருவரில் ஒருவர் விடுப்பு என்றால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். கால அட்டவணையில் பாட்டு, ஓவியம், விளையாட்டு எல்லாமே இருக்கும். பி.டி. பீரியட் என்றால் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துவோம். வேறு வழியில்லை.

இது எந்தத் தலைமையாசிரியரின் அலட்சியமும் அல்ல. சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை? அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், தொண்ணூறு வரை மூன்று என்று தலையை எண்ணுவதோடு சரி. விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் தரவேண்டும் என்கிறது. அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று தொடக்க வகுப்புகளுக்கு ஒரு வரி இல்லை. எந்த வயதில் காதும் கையும் காலும் எதையும் பிடித்துக்கொள்ளுமோ, அந்த வயதுப் பிள்ளையைச் சட்டம் விட்டுவிட்டது.

கலை தெரிந்தவர் ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், பள்ளி மேலாண்மைக் குழு கேட்டுக்கொண்டதற்காகச் சில மாதங்கள் வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். முதல் நாள் பென்சிலையே எடுக்க விடவில்லை. பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, “தென்னை மட்டையோட நுனி மேல நிக்குதா, கீழ வளையுதா?” என்று கேட்டார். அதுவரை குச்சியின் தலையில் நட்சத்திரம் வைத்தமாதிரி தென்னை வரைந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். பழைய மட்டை தொங்குகிறது, புது மட்டை நிமிர்ந்து நிற்கிறது, நடுவில் ஈட்டி மாதிரி குருத்து. அடுத்த வாரம், “பச்சைன்னா ஒரே பச்சையா?” என்றார். நாற்றங்கால் ஒரு பச்சை, நட்டு வேர் பிடித்த வயல் ஒரு பச்சை, கருவேல மரம் வேறு பச்சை, வாய்க்காலில் மிதக்கிற ஆகாயத்தாமரை இன்னொன்று. பெட்டியில் இருந்த கிரேயான் போதவில்லை. மஞ்சளையும் நீலத்தையும் மேலே மேலே தேய்த்துப் புதுப் பச்சையை உண்டாக்கினாள் ஒரு சிறுமி. அந்தப் பள்ளியில் அதற்குப் பிறகு இரட்டை மலை வரவில்லை.

பாட்டுக்கு வந்தவர் தவில்காரர். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் படித்துத் தேறியவர். ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்தார். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்; மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. கை இதைச் செய்துகொண்டே இருக்க, வாய் வேறொன்றைச் சொல்ல வேண்டும். வாய் வேகமானாலும் கை வேகமாகக் கூடாது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். அவன்தான் தாளம் தவறாமல் நின்றான். மற்ற பிள்ளைகள் அவன் கையைப் பார்த்துத் தங்கள் கையைச் சரிசெய்துகொண்டார்கள். அவன் கணக்கில் தேறினானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. தாளம் தாளத்துக்காகவே கற்கத் தகுந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டு வேண்டுமென்றால் மட்டும் அதனால் கணக்கு வருமா என்று ஏன் கணக்குப் பார்க்கிறோம்? கட்டணம் வாங்குகிற மெட்ரிக் பள்ளியில் கீபோர்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் தனிக் கட்டணம் கட்டுகிற பெற்றோரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ஓட்டம், எறிதலிலும் இதே கதைதான். ஐந்தாறு வயதுப் பிள்ளை வலக்கையால் பந்தெறியும்போது பெரும்பாலும் வலக்காலையே முன்னால் வைக்கும். பந்து காலடியிலேயே விழும். “பலமா எறி” என்று நாம் கத்துவோம். உடற்கல்வி படித்தவர் தரையில் சாக்பீசால் ஓர் இடது பாதத்தை வரைந்து, “இதுல கால வச்சு எறி” என்பார். அதே பிள்ளையின் பந்து மைதானத்தைத் தாண்டும். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியான ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-இல் சென்னையில் தொடங்கியது. நூறாண்டைத் தாண்டிய பிறகும் அந்தப் படிப்பின் பயன் ஆறாம் வகுப்புக்குக் கீழே இறங்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இதனால் வருகிற நஷ்டம் பெரிது. தொடக்கப்பள்ளி வயதில் அவர்கள் ஆண் பிள்ளைகளோடு சரிக்குச் சரி ஓடுவார்கள். ஆறாம் வகுப்புக்குப் போய் பி.டி. மாஸ்டரைப் பார்க்கும் வயதில், பல வீடுகளில் “இனிமே ஓடாத, ஆடாத” என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் எழுதப் படிக்க வரட்டும், ஆட்டம் பாட்டம் அப்புறம் என்கிறார்கள். கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் எழுத்தையே மறந்துவந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதைச் சரிசெய்ய 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே பாட்டையும் ஆட்டத்தையும் பொம்மையையும்தானே துணைக்கு அழைத்தது? நல்ல திட்டம் அது. ஆனால் எழுத்தைச் சொல்லித்தரப் பாட்டைப் பயன்படுத்துவது வேறு, பாட்டையே சொல்லித்தருவது வேறு. பள்ளிகளுக்கான கலைத் திருவிழாவைக் காட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மேடை இருக்கிறது, பரிசு இருக்கிறது. கற்றுத்தர ஆள் இல்லாத பள்ளியிலிருந்து யார் போய் மேடை ஏறுவது? வெளியில் காசு கட்டிக் கற்ற பிள்ளை ஏறும்.

ஊரில் ஆர்வமுள்ளவர்கள் வந்து சொல்லித்தரட்டுமே என்பது இன்னொரு யோசனை. அந்தத் தவில்காரர் ஆடியிலும் மார்கழியிலும்தான் வந்தார். அப்போதுதான் முகூர்த்தம் இல்லை. தை பிறந்ததும் கச்சேரிக்குப் போய்விட்டார். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. இதைவிடக் கடினமான அனுபவமும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் பறை கற்றுத்தர ஒரு கலைஞரை அழைத்தோம். “எங்க புள்ள அதத் தொடக்கூடாது” என்று சில வீட்டார் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். அந்தக் கலைஞர் மறுவாரம் வரவில்லை. அரசு நியமன ஆணையோடு ஓர் ஆசிரியர் வந்து, பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி எல்லாத் தெருப் பிள்ளைகளின் கையிலும் பறையைக் கொடுத்தால், அதை மறுப்பது அவ்வளவு சுலபமல்ல. தன்னார்வலரை ஊர் விரட்டலாம். பாடத்தை விரட்ட முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. பக்கத்துப் பள்ளிகளை இணைக்கும் ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஓர் ஓவிய ஆசிரியர், ஓர் இசை ஆசிரியர், ஓர் உடற்கல்வி ஆசிரியர். வாரத்தில் ஐந்து வேலைநாள் என்றால் பத்து அரைநாள். ஒருவர் பத்துச் சிறிய பள்ளிகளுக்குச் சுழற்சியில் போய்வரலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் வாரம் மூன்று அரைநாள் கிடைக்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு முழுநேர இசை ஆசிரியர் கேட்டால் நிதித்துறை சிரிக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் சுழற்சி. பேருந்துப் படி கொடுங்கள். 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று எடுத்தார்கள். அது பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தரப்படாத மே மாதச் சம்பளமும் பணி நிரந்தரமும் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியதை நாடே பார்த்தது. அந்த மாதிரி வேண்டாம். காலமுறை ஊதியம், மே மாதத்துக்கும் சேர்த்து.

இதற்குக் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அட்டவணையில் இருப்பது குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேல் செய்ய மாநில அரசின் ஓர் அரசாணை போதும். ஆட்களும் இருக்கிறார்கள். திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியும் என் பள்ளிகளிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரம்தான். அங்கே படித்து முடித்தவர்களில் சிலர் பேனர் கடையில் வேலை பார்ப்பதை நான் அறிவேன். நியமனம் தொடங்கும்போது மாநகராட்சியின் பெரிய பள்ளிகளிலிருந்து ஆரம்பிக்காமல், ஈராசிரியர் பள்ளிகளை முதல் பட்டியலில் வையுங்கள்.