பிசாசுக்குப் பிள்ளை பிறக்குமா?

இப்படியும் ஒரு சந்தேகமா என்று சிரிக்காதீர்கள், வாசகர்களே! அமெரிக்காவில் நன்றாகப் படித்த ஆசாமிகள் ஐம்பது வருஷமாக, மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றித் தர்க்கம் செய்து வருகிறார்கள். எல்லாம் ஒரு விளையாட்டினால் வந்த வினை.

1974-ல் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்ட அந்த விளையாட்டுக்கு 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். ஒருவர் கதை சொல்லுவார்; நடுவரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருத்தி மந்திரக்காரி. "கதவை உடைக்கிறேன்" என்பார் வீரர். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். சட்டப் புத்தகங்களோ வக்கீல் வீட்டு அலமாரியைத் தோற்கடிக்கும்!

ஒருத்தி வந்து, "என் தகப்பன் ஒரு பிசாசு, தாய் சாதாரண மனுஷி" என்று ஆட்டத்தைத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்குமா, நடக்காதா? நடுவர் அன்று ராத்திரியே பதில் சொல்லியாக வேண்டும். பண்டிதர்களைப் போல வருஷக் கணக்கில் தள்ளிப்போட முடியாது.

பண்டிதர்கள் இதை ஆராயாமலும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற கிறிஸ்தவ ஞானி ஒரு முடிவு சொன்னார். பிசாசுக்கு உடல் கிடையாது. அது எடுத்துக்கொள்ளும் உடல் வெறும் வேஷம். வேஷத்துக்குப் பிள்ளை பிறக்காது. அப்படி ஒரு குழந்தை பிறந்தால், பிசாசு யாரோ ஒரு ஆண்மகனிடமிருந்து வித்தைத் திருடி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே குழந்தை முழு மனிதன்தான் என்றார். பாருங்கள், அந்தக் குழந்தைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு வேறு கிடைக்குமா?

விளையாட்டுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புக்கு 2003-ல் வந்த திருத்தம் சொல்வது இது: பிசாசுக்கும் தேவதூதனுக்கும் ஆவி வேறு, உடல் வேறு அல்ல, இரண்டும் ஒன்றே. எனவே பிள்ளை உண்டு. ஆனால் மற்றப் பெற்றோர் உடலுள்ள ஜீவனாக இருக்கவேண்டும். புத்தி நாலு மார்க்குக்குக் குறையக்கூடாது. சராசரி மனிதனுக்குப் பத்து, பதினொன்று. மாடும் குதிரையும் பிசாசிடமிருந்து தப்பின! டிராகனுக்கு மட்டும் இந்தப் புத்தி நிபந்தனை இல்லை. ஆகவே பாதி டிராகன், பாதிக் குதிரை என்றொரு பிராணி சட்டப்படியே சாத்தியம்.

பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் வழியில் இறக்கை முளைக்கும். பிசாசின் பிள்ளை என்றால் வௌவால் இறக்கை. தேவதூதனின் பிள்ளை என்றால் பறவைச் சிறகு. தாய் வழியில் என்ன கிடைக்கும் தெரியுமா? பசியும் தூக்கமும்! அசல் பிசாசுக்கு இவை இரண்டும் தேவையில்லை, பிள்ளைக்கு உண்டு. இந்த ஒரு விதியை எழுதியவர் கொஞ்சம் கவிஞராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கிறது. பாதிப் பிசாசின் குணம்: எப்போதும் தீயது. பாதித் தேவதூதனின் குணம்: எப்போதும் நல்லது. அபூர்வமாக விலக்கு உண்டு என்று புத்தகத்தின் இன்னொரு மூலையில் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும், தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு இப்படியா நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுவது? "என் தகப்பன் பிசாசு, ஆனால் நான் நல்லவள்" என்று சொல்ல வந்தவள் என்ன செய்வாள்?

அவளுக்காக நான் வாதாடினால் மெர்லினைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுவேன். 1136-ஐ ஒட்டி மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய பிரிட்டிஷ் ராஜாக்களின் கதையில் வருகிறான் அந்தப் பையன். வார்டிகெர்ன் என்ற ராஜா கோபுரம் கட்டுகிறான். கட்டியதெல்லாம் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. தகப்பன் இல்லாத பையனின் ரத்தத்தைத் தெளித்தால் நிற்கும் என்கிறார்கள் மந்திரவாதிகள். மெர்லினைப் பிடித்து வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒருவன் வந்து போனான் என்று தாய் சொல்கிறாள். அந்த வகை ஆவிகள் உண்டு என்று சபையில் ஒரு பண்டிதரும் சாட்சி சொல்கிறார். பையன் அழவில்லை. "அஸ்திவாரத்தின் கீழே குளம் இருக்கிறது, தோண்டிப் பாருங்கள்" என்கிறான். தோண்டினால் குளம், குளத்துக்குள் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு டிராகன்கள்! பிசாசுக்குப் பிறந்தவன் உயிர் தப்பினான். பொய் சொன்னவர்கள் மந்திரவாதிகள். பின்னால் வந்த ராபர்ட் த பொரான் இன்னும் ஒரு படி போனார். பிசாசுகள் திட்டம் போட்டுப் பெறவைத்த பிள்ளைக்குத் தாய் உடனே ஞானஸ்நானம் செய்வித்து, திட்டத்தையே கவிழ்த்துவிட்டாள் என்று எழுதினார்.

நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் ஒரு வழக்கே அல்ல. இடும்பியின் வயிற்றில் பிறந்த கடோத்கஜனைப் பாண்டவர் பக்கம் நிறுத்திவிட்டு, கதையை மேலே சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள்.

விளையாட்டும் மெல்ல இறங்கி வந்தது. 1994-ல் 'டீஃப்ளிங்' என்ற வம்சத்தைக் கொண்டுவந்தார்கள். எந்தத் தலைமுறையிலோ ஒரு பிசாசு புகுந்த குடும்பம் அது. 2008-ல், அது பிறப்பினால் வந்ததே அல்ல, மூதாதையர் பிசாசுகளோடு செய்த ஒப்பந்தத்தின் பலன் என்று மாற்றினார்கள். 2014-ல், அவர்களுக்குத் தீமை பிறவிக் குணமாக இல்லாமல் இருக்கலாம் என்று அச்சடித்தார்கள். 2024 புத்தகத்தில் பாதி எல்ஃப், பாதி ஓர்க் என்ற இரண்டு பழைய இனங்களையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 'பாதி' என்ற பேச்சே உறுத்துகிறதாம்! டீஃப்ளிங்கோ கொம்பும் வாலுமாக அதே பட்டியலில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயரில் 'பாதி' இல்லையே!