காதுக்கும் ஓர் ஆட்டம்

1997-இல் ஜப்பானின் கென்ஜி ஈனோ, படமே இல்லாத ஒரு வீடியோ கேமை வெளியிட்டார். சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்த ‘ரியல் சவுண்ட்’ முழுக்கக் காதுக்கானது. பார்வையற்ற ரசிகர்களைச் சந்தித்த பிறகே அவருக்கு அந்த யோசனை உதித்தது. பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொள்ள மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின. 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’-இல் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள். திரையிலுள்ள எழுத்தைக் குரல் வாசிக்கிறது. பொத்தானை அழுத்தினால் போகவேண்டிய பக்கம் பார்வை திரும்புகிறது. தாண்ட ஓர் ஒலி, குனிய வேறோர் ஒலி. 2023-இல் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’, வளைவு வருவதைக் காதில் சொல்லியே கார் ஓட்டவைத்தது.

இவையெல்லாம் விலை கூடியவை. நம் பள்ளிகளுக்கு எட்டாதவை. ஆனால், இலவச என்விடிஏ திரைவாசிப்பான் உள்ள சாதாரணக் கணினியிலேயே ஓடும் ஒலி விளையாட்டுகள் ஏராளம். பார்வையற்றோர் பள்ளிகளில் அவற்றை நிறுவிக் கொடுக்கலாமே! படிக்கத் தந்த கணினியில் விளையாட்டு எதற்கு என்று கேட்கும் அதிகாரிகள், அந்தக் கேள்வியை முதலில் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கட்டும். தமிழில் கேம் உருவாக்குவோருக்கும் ஒரு சொல்: பொத்தானில் எழுத்தை வெறும் படமாக ஒட்டினால் திரைவாசிப்பானுக்கு வாசிக்க ஒன்றுமிருக்காது. தயாரிக்கும்போதே அதைக் கவனியுங்கள்.