நுரையும் நீர்நிலையும்

ஐரோலியில் குடியிருக்கும் நாம் சமையலறையிலும் குளியலறையிலும் எதைக் கரைத்து ஊற்றுகிறோமோ, அது நேராகவோ சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகவோ கடைசியில் சென்று சேருமிடம், ஊரின் மேற்கெல்லையில் அலையாத்திக் காடுகளினூடே ஏறி இறங்கும் தாணே கடற்கழியே. 2015-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு அக்கழியில் சுமார் 1,690 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளின் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் அது ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அங்கீகாரம் பெற்றது. குளிர்காலத்தில் ஐரோலிக் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி அப்பறவைகளைக் கண்டு மகிழ்கிறோம். அந்த ஜலத்தின் க்ஷேமத்துக்கும் மாதச் சாமான் பட்டியலில் நாம் எழுதும் சோப்புத்தூளுக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நுரை அதிகமானால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கை. ஆனால் நுரை வேறு, சுத்தம் வேறு. நீரின் கடினத்தன்மையைக் குறைத்துச் சோப்பை நன்கு வேலை செய்ய வைப்பதற்காகத் தூளில் சேர்க்கப்பட்டு வந்த பொருள்களில் பாஸ்பேட் முக்கியமானது. துணியை விட்டு அகன்றதும் அதுவே பாசிக்கு எருவாகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1973-இல் விஞ்ஞானிகள் ஓர் ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளிலும் கரிமத்தையும் நைட்ரஜனையும் கலந்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பேட்டில் அடங்கிய பாஸ்பரஸையும் சேர்த்தபோது, அந்தப் பாதி மாத்திரம் பச்சைப் பசேலென்று பாசி மண்டிப்போனது. ஆகாயத்திலிருந்து எடுத்த அதன் புகைப்படம், பாசி பெருகக் காரணம் எது என்ற நீண்டநாள் விவாதத்துக்கு முடிவு கட்டும் பிரத்தியட்சப் பிரமாணமாயிற்று. இவ்வாறு பெருகும் பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் கழிவுநீர் நுரைத்துச் சாலைவரை பறந்ததையும், 2017-இல் அந்த ஏரியே தீப்பற்றிப் புகைந்ததையும் மறக்க நியாயமில்லை.

மலஜலத்திலும் பாஸ்பரஸ் உண்டே, சுத்திகரிப்பு நிலையங்கள் எதற்கு இருக்கின்றன என்று கேட்கலாம். சாதாரணச் சுத்திகரிப்பு முறைகள் பாஸ்பரஸை முற்றிலும் அகற்றுவதில்லை. மேலும் மலஜலத்தில் வருவதை நம்மால் நிறுத்த முடியாது, சோப்புத்தூளில் வருவதை நிறுத்த முடியும். கழிவுநீரின் ஊட்டத்தால் பாசி பெருகியதே பூநாரைகள் இத்தனை ஆயிரமாய் இங்கு குவியக் காரணம் என்று கருதுவோரும் உண்டு. அது உண்மையாகவே இருப்பினும், ஓரளவுவரை ஊட்டமாய் இருப்பதே அளவு கடந்தால் விஷமாகும் என்பதால், அந்த வாதத்தைக் கழிவைக் கொட்டுவதற்கு அனுமதியாகக் கொள்வது சரியன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ஆம் ஆண்டின் மத்தியிலிருந்து வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பரஸுக்குக் கடுமையான வரம்பு விதித்தது. அங்கே ஜியோலைட் முதலான மாற்றுப் பொருள்களைக் கொண்டே ஜனங்கள் துணி வெளுக்கிறார்கள். மழையை நம்பிய அணைகளிலிருந்து நமக்கு வரும் குழாய்நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரைப்போல் உப்பு மிகுந்ததன்று. ஆகவே பாஸ்பேட் இல்லாத தூளை, அதுவும் பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மிகாமல் பயன்படுத்தினாலே போதும். பித்தளைக்குப் புளி, குழாயில் படியும் உப்புக்கறைக்கு எலுமிச்சை அல்லது வினிகர், பட்டுக்கும் கம்பளிக்கும் மாட்டுங்கா கடைகளில் கிடைக்கும் பூந்திக்கொட்டை: நம் பாட்டிமார் அறிந்த இவற்றால் பல காரியங்கள் நடந்துவிடும். ஆனால் இயற்கை என்ற பெயர் மட்டும் ஒரு பொருளைச் சாதுவாக்கிவிடாது. பூந்திக்கொட்டையில் உள்ள சபோனின் மீன்களுக்கு நஞ்சு. எந்தச் சோப்பு நீரையும் குளத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ நேரே விடலாகாது. வண்டி கழுவிய நீரும், கீழ்த்தளத்தை ஆசிட்டும் பினாயிலும் விட்டுத் தேய்த்த நீரும் பெரும்பாலும் அந்தக் கால்வாயில்தான் போய் விழுகின்றன. அங்கிருந்து அதற்குச் சுத்திகரிப்பு என்பதே கிடையாது.

ஆதலால் இந்த விஷயம் ஒவ்வொரு வீட்டு அம்மாளின் தலையிலும் சுமத்தி விட்டுவிடத்தக்கதன்று. கேன் கேனாக ஆசிட் வாங்குவது குடியிருப்புச் சொசைட்டியின் நிர்வாகக் குழு. மாடிப்படி கழுவும் தொழிலாளிக்கு எதைக் கையில் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அக்குழுவே. 1991-இல் மத்திய அரசு மண்பானைச் சின்னத்துடன் தொடங்கிய எக்கோமார்க் திட்டத்தில் சோப்பும் டிடர்ஜென்டும் அடங்கும். 2024-இல் அதற்குப் புது விதிகளும் வந்துள்ளன. ஆயினும் கடை அலமாரியில் அந்தச் சின்னத்தைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. பாஸ்பேட் உண்டா இல்லையா என்று பல பொட்டலங்கள் வாய் திறப்பதுமில்லை. அதை அச்சிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரை, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஐரோலித் தமிழர்கள் எழுந்து, தங்கள் சொசைட்டி என்ன வாங்குகிறது, கழுவிய நீர் எந்தக் கால்வாயில் போகிறது என்று கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.