குரலைப் பறிக்கும் மறுதொடக்கம்

பார்வையற்ற ஊழியருக்குக் கணினித் திரை என்பது ஒலிதான். என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்கள் படித்துக் காட்டுவதைக் கேட்டே அவர் மின்னஞ்சல் எழுதுகிறார், கணக்குப் பார்க்கிறார். இரவில் ஓர் அப்டேட் ஏறுகிறது. காலையில் கணினி மறுபடி இயங்கும்போது ஒலி ஹெட்செட்டை விட்டு, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போயிருக்கிறது. செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே என்பவர்கள் யோசிக்கட்டும்: அங்கே வழிகாட்ட வேண்டிய குரல்தானே போய்விட்டது!

இது வன்மையாகக் கண்டிக்கத்தக்க அலட்சியம். காரணமும் மர்மமல்ல. கணினி நிறுவனம் தந்த ஒலி டிரைவருக்குப் பதிலாக விண்டோஸ் அப்டேட் வேறொன்றைப் போட்டுவிடுவது உண்டு. டிரைவர் மாறினால், ஏன், யூஎஸ்பி ஹெட்செட்டை வேறு போர்ட்டில் செருகினால்கூட, பழகிய கருவியைப் புதியதென்று எண்ணிப் பயனர் வைத்திருந்த அளவுகளை விண்டோஸ் கைவிடக்கூடும். லினக்ஸும் விலக்கல்ல. அதன் ஒலி அமைப்பான அல்சாவின் அளவுகள் பல கணினிகளில் முறையாக ஷட்டவுன் செய்யும்போதுதான் கோப்பில் பதிவாகின்றன. மின்வெட்டில் அணைந்தால் அன்றைய மாற்றம் போயிற்று.

டிரைவரை நீக்கி மறுபடி போடுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள் என்பதே பயனருக்குக் கிடைக்கும் பதில். அலுவலகக் கணினியில் அட்மின் அனுமதியின்றி டிரைவரைத் தொடவே முடியாது. ஐடி பிரிவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு அவர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை தாமதமானதற்கான ஏச்சும் அவருக்கே.

மைக்ரோசாஃப்ட், இன்டெல், டெல், ஹெச்பி, லெனோவோ அனைத்துக்கும் பெங்களூருவில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளை வேலைக்குத் தயார்செய்யும் எனேபிள் இந்தியா 1999 முதல் இதே ஊரில் இயங்குகிறது. ஓர் அப்டேட்டை வெளியிடுமுன் திரைவாசிப்பானை நம்பி வாழ்பவர்களிடம் கொடுத்துச் சோதிக்க ஆட்டோ தூரம்தான். இதற்குமேல் தொழில்நுட்பச் சிக்கல் என்று சாக்குச் சொல்ல இந்த நிறுவனங்களுக்கு வெட்கமாக இல்லையா?

அன்றாட மின்னணுக் கருவிகள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

பயனர் தேர்ந்த ஒலிக்கருவியையும் அளவையும் எந்த அப்டேட்டும் அவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஒலி வழிதவறினால், உள்நுழைவுத் திரையிலேயே ஒரே விசையில் இணைந்துள்ள எல்லாக் கருவிகளிலும் குரல் ஒலிக்க வேண்டும். இவ்விரண்டையும் கணினிக் கொள்முதல் டெண்டரில் நிபந்தனையாக்க வேண்டியது கர்நாடக அரசு. அடுத்த டெண்டரிலேயே அதைச் செய்யட்டும்.